பீன்யாவில் கணினியின் ஆயுள்

பெங்களூரின் வடமேற்கே, துமகூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பீன்யா தொழிற்பேட்டை, 1970-களில் அரசாங்கம் மனை பிரித்துக் கொடுத்த நாள் முதலாக, பெரிய ஆலைகளுக்கு வேண்டிய சிறிய உறுப்புகளைக் கடைந்தும் துளைத்தும் முலாம் பூசியும் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டு வளர்ந்த பிரதேசம். ஆசியாவின் மிகப் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்று என்று அதனைச் சொல்லுவது வழக்கம். ஆனால் உள்ளே நுழைந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்தப் பெருமை உடனே புலப்படுவதில்லை. ஏனெனில் அங்கே பெரும்பாலும் இருப்பவை, ஒரு ஷட்டருக்குள் நான்கு லேத்தும் ஒரு மில்லிங் யந்திரமும் அடங்கிய, முதலாளியே ஃபோர்மேனாகவும் நிற்கின்ற சிறு பட்டறைகள்தாம். தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்து, இங்கே தொழில் கற்று, பின்பு தாமே ஷெட் எடுத்து நடத்துகிறவர்களும் அவர்களிடையே உண்டு.

இந்தப் பட்டறைகளில் ஒரு யந்திரத்தின் வயதை யாரும் கேட்பதில்லை. பக்கத்து ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. செழித்திருந்த நாளில் வார்க்கப்பட்ட லேத் ஒன்று, அதே ஸ்தாபனத்தின் கைக்கடிகாரப் பிரிவு 2016-ல் மூடப்பட்டுவிட்ட பின்னும், ஸ்பிண்டில் பேரிங் மாற்றப்பட்டு, தேய்ந்த பெட் சுரண்டிச் சமன் செய்யப்பட்டு, மோட்டார் திரும்பக் கட்டப்பட்டு, இரண்டு ஷிஃப்டும் ஓடிக்கொண்டிருப்பதை அங்கே யாரும் அதிசயமாகக் கருதுவதில்லை. ஆனால் அதே பட்டறையின் முன்னறையில், டெலிவரி சலானும் ஜி.எஸ்.டி. பில்லும் அடித்துக் கொடுக்கும் கணினிக்கு ஆறு வயது ஆகிவிட்டதென்றால், ‘சிஸ்டம் பழசாயிடுச்சு, மாத்திடணும்’ என்ற தீர்ப்பு, பெட்டியைத் திறந்துகூடப் பாராமல் வழங்கப்பட்டுவிடுகிறது. லேத்தில் எந்த உறுப்பு தேய்ந்தது என்பதைக் காதால் கேட்டே சொல்லிவிடும் மனிதர், கணினி விஷயத்தில் மட்டும் முழுப் பொருளையும் ஒரே உறுப்பாகப் பாவித்து, முழுவதும் கெட்டது என்று முடிவு கட்டுவது எனக்கு எப்பொழுதும் விசித்திரமாகவே தோன்றியிருக்கிறது. கணினியிலும் தேய்கின்ற உறுப்புகள் சிலவே; அவற்றையும் அடையாளம் கண்டு மாற்றலாம்; மாற்றிய பின் இன்னும் நாலைந்து வருஷம் சிரமமின்றி வேலை வாங்கலாம். ஓர் இடத்தில் மட்டும் இந்த நியாயம் செல்லாது. அதைப் பின்னால் பார்ப்போம்.

வயது என்று சொல்லும்போது யாருடைய கணக்குப்படி என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மேஜைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் மூன்று வருஷம், சர்வருக்கு ஆறு வருஷம் என்று உபயோக காலம் விதித்திருக்கிறது. வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். 50,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி ஐந்தாம் வருஷ முடிவில் ஏட்டில் 3,888 ரூபாயாகச் சுருங்கி நிற்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மின்கழிவுக் கணிப்புக்காக மேஜைக் கணினிக்கு ஆறு வருஷம், மடிக்கணினிக்கு ஐந்து வருஷம் என்று சராசரி ஆயுள் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ 2025 அக்டோபர் 14 என்று ஒரு நாளைக் குறித்து, அன்றோடு விண்டோஸ் 10-க்குச் செய்துவந்த வழக்கமான பராமரிப்பை நிறுத்திக்கொண்டது. இந்தப் பஞ்சாங்கங்களுள் ஒன்றாவது உம்முடைய பெட்டியைத் திறந்து பார்த்துக் கணிக்கப்பட்டதன்று. ஆடிட்டர் செலவெழுதி முடித்துவிட்டார் என்பதற்காகக் கணினி வேலைநிறுத்தம் செய்வதில்லை. அவர் எழுதி முடித்த பிறகு அது செய்யும் ஒவ்வொரு நாள் வேலையும் முதலாளிக்கு லாபக் கணக்கில்தான் சேருகிறது.

பழைய கணினியைப் பற்றிய புகார் அநேகமாக எங்கும் ஒன்றே: ‘ஸ்லோவா இருக்கு, அடிக்கடி ஹேங் ஆகுது.’ காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் திரை இன்னும் சுழன்றுகொண்டே இருக்கிறது என்பார்கள். இதற்குச் செயலி, அதாவது பிராசஸர், முதுமை அடைந்துவிட்டது என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு. வாங்கிய அன்று ஒரு கூட்டலைச் செய்ய அதற்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ, சூடேறாமல் வைத்திருந்தால், பத்து வருஷத்துக்குப் பின்னும் அவ்வளவே பிடிக்கும். மாறியவை வேறு. இயக்கமுறையும் பிரௌஸரும் வருஷந்தோறும் பருத்துவிட்டன. அவை கேட்கும் தகவலை எடுத்துக் கொடுக்க வேண்டிய ஹார்டு டிஸ்க்கோ வாங்கிய அன்றிருந்த வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கிறது.

ஹார்டு டிஸ்க் என்பது, நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு ஹெட் அங்குமிங்கும் நகர்ந்து தகவலைப் படிக்கும் யந்திரம். கேட்ட தகவல் இருக்கும் வட்டத்துக்கு ஹெட் நகர வேண்டும். பின்பு அந்த இடம் சுழன்று ஹெட்டின் அடியில் வந்து சேர வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு விநாடியில் எண்பதில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், சிதறிக் கிடக்கும் தகவல்களை விநாடிக்கு எண்பது முறைக்கு மேல் அதனால் எடுத்துத் தர இயலாது. விண்டோஸ் 10 விழித்தெழும் வேளையில் கேட்கும் சில்லறைத் தகவல்களோ ஆயிரக்கணக்கானவை. செயலி கைகட்டிக் காத்திருக்கிறது. பார்ப்பவர் அதனையே சோம்பேறி என்கிறார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் என்று நெடுநேரம் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். நோய் இன்னதென்று தெரிந்துவிடும்.

பரிகாரம் எளிது. சுழலும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை அந்த இடத்தில் வைப்பது. இது சில்லுகளில் தகவலைச் சேமிப்பதாகையால் விநாடிக்கு எண்பது என்ற கணக்கு இதற்கில்லை. பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். 2010-க்குப் பின் விற்பனையான அநேகமாக எல்லா மேஜைக் கணினிகளிலும் சாட்டா இணைப்பு இருப்பதால், பழைய டிஸ்க்கைக் கழற்றி அதே கேபிளில் இதனை மாட்டிவிடலாம். குளோன்ஸில்லா போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே பிரதி எடுத்துக்கொள்ளவும் முடியும். புதிய கணினியின் விலையில் இது ஒரு சிறு பகுதியே. நான் கண்டவரையில், பழைய கணினிக்குச் செய்யும் செலவுகளில் இதைப்போல் போட்ட பணத்துக்குப் பலன் தருவது வேறொன்றில்லை. மற்ற எல்லாம் இதற்குப் பின்பே.

இதற்கு அடுத்தது ரேம். பத்து வருஷத்துக்கு முன் 4 ஜிபி என்பது தாராளம். இன்று ஒரு பிரௌஸரில் ஜி.எஸ்.டி. போர்ட்டலும் ஈ-வே பில்லும் வங்கியின் பக்கமும் சேர்ந்து திறந்திருந்தால் அதுவே போதாமற்போகிறது. போதாதபோது கணினி டிஸ்க்கையே ரேமாகப் பாவித்துத் தடுமாறுகிறது. 8 ஜிபியாக உயர்த்தினால் காரியாலய வேலைக்குப் போதுமானது. வாங்கும்போது மதர்போர்டு ஏற்பது டிடிஆர்3 வகையா, டிடிஆர்4 வகையா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. 2025-ன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கென எழும்பும் பெரும் கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதனால் புதிய ரேமின் விலை ஏறிவிட்டது; ஆகவே கழற்றிய பழைய ரேமுக்கு இப்போது கொஞ்சம் மரியாதை கூடியிருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யைப் புகழ்ந்த வாயாலேயே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஹார்டு டிஸ்க் சாகப் போகிறதென்றால் பெரும்பாலும் டக்டக்கென்று ஓசை எழுப்பும். சில கோப்புகள் திறக்க மறுக்கும். எப்படியோ ஜாடை காட்டும். எஸ்.எஸ்.டி. நேற்று மாலை நன்றாக இருந்துவிட்டு இன்று காலை மௌனமாகிவிடக் கூடும். ஆகையால் டேலி என்னும் கணக்கு மென்பொருளில் உள்ளதன் பிரதி ஒன்று வேறொரு டிஸ்க்கிலும், இன்னொன்று பட்டறைக்கு வெளியே வேறிடத்திலும் இருக்க வேண்டியது அவசியம். பழைய கணினியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவரிடம், பேக்கப் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டுவிட்டே நான் பதில் சொல்லுவேன்.

இனி பீன்யாவுக்கே உரிய வியாதிக்கு வருவோம். பட்டறைக்கும் காரியாலய அறைக்கும் இடையே ஒரு அலுமினியக் கதவுதான். அதன் வழியே, கட்டிங் ஆயில் ஆவியும் கிரைண்டிங்கில் எழும் இரும்புத் தூளும் நாள் முழுவதும் உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. கணினியின் விசிறி இவற்றை இழுத்துக்கொள்கிறது. எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டி, செயலியின் மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் கம்பளிபோல் படிந்துவிடுகிறது. வீட்டுத் தூசி சூட்டை அடைப்பதோடு நின்றுவிடும். இரும்புத் தூளோ மின்சாரம் கடத்தும் பொருளாகையால் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் வழி செய்யும். சூடு நூறு டிகிரியை நெருங்கியதும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பகலெல்லாம் மெதுவாகவும் காலையில் சற்றுச் சுறுசுறுப்பாகவும் இருக்கின்ற கணினியைப் பார்த்து, ‘அண்ணா, இது சிஸ்டம் கோளாறு இல்ல, தூசிதான்’ என்று அனுபவஸ்தரான சர்வீஸ்காரர் தொடாமலே சொல்லிவிடுவார்.

சுத்தம் செய்வதிலும் இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. எல்லாப் பட்டறையிலும் கம்ப்ரஸர் உண்டு. சில்லு தட்டும் ஏர் கன் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. அதை எடுத்துக் கணினிக்குள் ஒரு அடி அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று பையன்கள் நினைக்கிறார்கள். அந்தக் காற்றில் நீரும் எண்ணெயும் கலந்திருக்கிறது. அழுத்தமோ ஆறேழு பார். மெல்லிய உறுப்புகள் பெயர்ந்துபோகவும், விசிறி அதன் அளவுக்கு மீறிச் சுழன்று கெடவும் அதுவே போதும். கையடக்கமான மின்சார பிளோயரும் ஒரு பெயின்ட் பிரஷும் இதற்கு உசிதம். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பசை ஏறியிருந்தால் ஹீட்சிங்க்கைக் கழற்றித் துடைத்து, அதற்கும் செயலிக்கும் நடுவே காய்ந்துபோயிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிதாக இட்டு மாட்ட வேண்டும். பின்பு பெட்டியைத் தரையில் வையாமல் மேஜைமேல் ஏற்றிவிட்டால் பாதித் தூசி மிச்சம்.

சூட்டைக் குறைப்பதன் பிரயோஜனம் வேகத்தோடு முடிவதில்லை. மதர்போர்டிலும், கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலும் சிறு உருளைகளாக நிற்கும் கபாசிட்டர்களுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. அது மெல்ல உலர்ந்துபோவதே அவற்றின் மரணம். பத்து டிகிரி சூடு குறைந்தால் அவற்றின் ஆயுள் இரட்டிக்கும் என்பது மின்னணுத் தொழிலில் நெடுநாளாக வழங்கும் விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று முத்திரையிட்ட கபாசிட்டர் 75 டிகிரியில் 16,000 மணி நேரமும், 65 டிகிரியில் 32,000 மணி நேரமும் தாங்கும். நாளுக்கு எட்டு மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று கொண்டால், முன்னது ஆறரை வருஷத்துக்குச் சற்று மேல்; பின்னது பதின்மூன்று வருஷத்துக்கு மேல். தூசி துடைப்பதற்குச் செலவான ஒரு மணி நேரத்துக்கு இதைவிட நல்ல கூலி வேறு எந்தத் தொழிலில் கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கபாசிட்டரின் தலை உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்றலாம். எஸ்எம்பிஎஸ் என்றால் முழுப் பெட்டியையே மாற்றிவிடுவது மேல்.

சில கோளாறுகள் பார்வைக்குப் பயங்கரமாகவும் காரணத்தில் அற்பமாகவும் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை எந்த வலைத்தளமும் திறவாது. ‘இணைப்பு பாதுகாப்பானதன்று’ என்று பிரௌஸர் பிடிவாதம் பிடிக்கும். டேலியில் அன்றைய வவுச்சர் எங்கோ பழைய வருஷத்தில் போய் விழும். கணினிக்கு வைரஸ் பிடித்துவிட்டதென்று பதறி ஃபார்மட் அடித்தவர்களும் உண்டு. உண்மையில் நிகழ்ந்தது, மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்னும் மூன்று வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்து, மின்சாரம் நின்ற சமயத்தில் கடிகாரம் பல வருஷம் பின்னோக்கிப் போய்விட்டதுதான். வலைத்தளங்களின் நம்பிக்கைப் பத்திரங்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டாகையால், தேதி தவறிய கணினிக்கு அவை எல்லாம் போலியாகத் தோன்றுகின்றன. அந்த பேட்டரியை எந்தக் கடிகாரக் கடையிலும் சில பத்து ரூபாய்க்கு வாங்கிவிடலாம்.

மின்சாரத்தைப் பற்றி நெடிது பேச வேண்டியதில்லை. பெரிய மோட்டாரும் வெல்டிங் செட்டும் ஓடும் லைனிலேயே கணினியையும் மாட்டாமல், வேறு ஃபேஸில் நல்ல எர்த்தோடு மாட்டி, இடையே ஒரு யுபிஎஸ் வைத்து, அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

இதுவரை சொன்னவை எல்லாம் பொருளைப் பற்றியவை. லேத்துக்கு வழங்கும் நியாயம் கணினிக்குச் செல்லாத இடம் ஒன்று உண்டு என்றேனே, அது மென்பொருள். லேத்தைத் திருட யாரும் கம்பி வழியாக வருவதில்லை. இணையத்தோடு இணைந்த கணினிக்குள் வருகிறார்கள். 2017 மே 12 அன்று வானாகிரை என்ற தீய நிரல் ஒரே நாளில் உலகெங்கும் பரவி, லட்சக்கணக்கான கணினிகளிலிருந்த கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் அசட்டையாக இருந்த விண்டோஸ் 7 கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன. திருத்தம் இருந்தும் போடாதவர் கதி அது. விண்டோஸ் 10 வைத்திருப்பவரோ, 2025 அக்டோபருக்குப் பின் கட்டணமோ விசேஷப் பதிவோ இல்லாமல் அந்தத் திருத்தங்களைப் பெறமுடியாத நிலையில் இருக்கிறார்.

விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், அது டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை, அதாவது 2017-ன் பிற்பகுதியிலிருந்து வந்த செயலியையும் கேட்கிறது. அதற்கு முற்பட்ட கணினி எத்தனை ஆரோக்கியமாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்தப்படும். இவ்வாறு நிறுத்தப்பட்டுக் குப்பைக்குப் போகக்கூடிய கணினிகள் உலகத்தில் 24 கோடி இருக்கலாம் என்று கேனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-ல் மதிப்பிட்டது. தடையைச் சுற்றிக்கொண்டு விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தரும் கெட்டிக்காரர்கள் சந்தையில் உண்டு. அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுக்கவில்லை. கணக்கெழுதும் கணினியில் இந்தச் சாமர்த்தியம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்தாபனங்களுக்குக் கட்டணப் பராமரிப்பு என்று ஒன்று உண்டு: ஒரு கணினிக்கு முதல் வருஷம் 61 டாலர், வருஷந்தோறும் இருமடங்கு, மூன்று வருஷத்துக்கு மேல் இல்லை. மூன்று வருஷமும் வாங்கினால் 427 டாலர் ஆகிறது. அந்தத் தொகைக்கு விண்டோஸ் 11 ஏற்கின்ற, கைமாறிய நல்ல கணினி ஒன்றையே வாங்கிவிடலாமாகையால், முதல் வருஷத்தை மட்டும் அவகாசமாகக் கொண்டு மாற்று ஏற்பாடு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

மாற்று ஏற்பாடு என்றதும் லினக்ஸ் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பட்டறைக் காரியாலயத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். லினக்ஸ் மின்ட், உபுண்டு, சென்னை சி-டாக் ஆக்கிய பாஸ் ஆகிய லினக்ஸ் இயக்கமுறைகள் பழைய கணினியில் இலகுவாக ஓடுகின்றன, காசு இல்லை, திருத்தங்கள் வருஷக்கணக்கில் வருகின்றன. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாட்டு எல்காட் நிறுவனம் தன் காரியாலயத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. பெங்களூரிலேயே சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில், கர்நாடகத்துச் சுதந்திர மென்பொருள் இயக்கத்தார் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்று ஒன்றை ஏற்படுத்தி, அப்பகுதிச் சிறுவர்களுக்கு லினக்ஸிலேயே கணினி கற்பித்தார்கள். ஆகவே சாமானியருக்கு அது எட்டாத வித்தை அன்று. ஆயினும் இதே பெங்களூரில் பிறந்த டேலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது, வரைபட மென்பொருளான ஆட்டோகேடும் லினக்ஸுக்கு வருவதில்லை, டிஜிட்டல் கையொப்பச் சாவி சில சமயம் லினக்ஸில் முரண்டு பிடிக்கும்.

ஆதலால் நான் பரிந்துரைப்பது ஒரே மாற்றத்தை அன்று, வேலைப் பங்கீட்டை. காரியாலயத்தில் மூன்று கணினி இருந்தால், விண்டோஸ் 11 ஏற்கும் ஒன்றை டேலிக்கும் வரைபடத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஏற்காத ஒன்றில் எஸ்.எஸ்.டி. போட்டு, லினக்ஸ் நிறுவி, மின்னஞ்சல் பார்க்கவும் ஈ-வே பில் எடுக்கவும் பிடிஎஃப் வரைபடத்தைத் திறந்து காட்டவும் ஸ்டோர்ஸ் மேஜையில் வைக்கலாம். அங்கே நடக்கும் வேலை எல்லாம் பிரௌஸருக்குள் நடப்பவை. மூன்றாவதான கிழட்டுக் கணினிக்குப் பட்டறைக்குள்ளேயே ஒரு கௌரவமான உத்தியோகம் காத்திருக்கிறது.

பழைய சி.என்.சி. யந்திரங்களின் கன்ட்ரோலருக்குச் சொந்த ஞாபகசக்தி மிகக் குறைவு. நீண்ட புரோகிராமை அது ஒரே மூச்சில் விழுங்கமாட்டாது. பக்கத்தில் ஒரு கணினி நின்று, ஆர்எஸ்-232 என்னும் சீரியல் கேபிள் வழியாக வரி வரியாக ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். இப்போது வரும் மடிக்கணினிகளில் அந்த ஒன்பது முள் போர்ட்டே கிடையாது. யுஎஸ்பி மாற்றி மாட்டினால் சில வேலை செய்யும், சில நடு வெட்டில் நின்று உளியையும் ஜாபையும் சேர்த்துக் கெடுக்கும். பதினைந்து வயதான மேஜைக் கணினியின் முதுகில் நிஜமான சீரியல் போர்ட் இருக்கிறது. மூன்று தாள் சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டருக்கான பேரலல் போர்ட்டும் சிலவற்றில் உண்டு. இந்தக் குணங்களுக்காகவே தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இப்படி உத்தியோகம் ஏற்ற கணினியில் விண்டோஸ் 7 இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் அதற்கு இணையக் கேபிளும் வைஃபையும் கண்டிப்பாக இருக்கலாகாது. புரோகிராம் கொண்டுவரும் பென் டிரைவ் வேறெதற்கும் உபயோகமாகலாகாது. யந்திரமும் கணினியும் ஆன் நிலையில் இருக்கும்போது கேபிளைப் பிடுங்கி மாட்டினால் போர்ட் எரிந்துபோகும் என்பதையும் ஆபரேட்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

உறுப்புகளுக்கு எங்கே போவது? பீன்யா ஸ்டேஷனில் பசுமைத் தட மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கைத் தாண்டிச் சிக்பேட்டையில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் எஸ்பி ரோடு, அதாவது சாதர் பத்ரப்பா ரோடு. சென்னைக்கு ரிச்சி ஸ்ட்ரீட் எப்படியோ பெங்களூருக்கு அது அப்படி. பெரிய மென்பொருள் கம்பெனிகள் குத்தகைக் காலம் முடிந்ததும் நூற்றுக்கணக்கில் கழித்துவிடும் மேஜைக் கணினிகளும் மடிக்கணினிகளும் வியாபாரிகள் கைமாறி இத்தகைய சந்தைகளுக்கு வந்து சேருகின்றன. அவை குளிர்சாதன அறையில், எண்ணெய் ஆவி அறியாமல் வாழ்ந்தவை. பட்டறைக்காரருக்கு நல்ல சரக்கு. வாங்குபவர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காமல், டிஸ்க்கின் ஆரோக்கியக் கணக்கைக் காட்டச் சொல்லி, பில் கேட்டு வாங்க வேண்டும். பில்லில்லாத சரக்கு சகாயம்தான்; அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பிற்பாடு உம்மிடம் வரும்.

இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்பவருக்குப் பணக் கணக்கு ஒரு பதில், இன்னொன்றும் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்துக்காக எரிக் வில்லியம்ஸும் ரூடிகர் கூரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, திரையோடு கூடிய ஒரு மேஜைக் கணினியைச் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ ரசாயனங்களும், 1,500 கிலோ தண்ணீரும் செலவாகின்றன என்று கணித்தது. இந்தச் செலவு, பெட்டி பிரிக்கப்படுவதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்துவிட்டது. ஆயுளை நீட்டினால்தான் அது பல வருஷங்களுக்குப் பங்காகும். 2022-ல் உலகம் கழித்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதமே.

எனினும் பழமையின்மேல் மோகம் கொண்டு எல்லாவற்றையும் கட்டிக் காப்பதும் தவறு. பென்டியம் 4 செயலியும் குழாய் மானிட்டரும் உள்ள ஜோடி, இக்காலத்துச் சிறு கணினியைவிட 150 வாட் அதிகம் தின்கிறதென்றால், நாளுக்குப் பத்து மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்ற கணக்கில் 450 யூனிட் வீணாகிறது. டிடிஆர்2 ரேம் கேட்கும் மதர்போர்டு கெட்டுப்போனால், அதற்கு ஜோடி தேடி அலைவதில் செலவாகும் நாளின் கூலி கணினியின் விலையை மிஞ்சிவிடும். அப்போது விடை கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

அனுப்புவதற்கும் ஒரு முறை உண்டு. தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டால், அது பெரும்பாலும் வயரைத் திறந்த வெளியில் கொளுத்திச் செம்பு எடுப்பவரிடமும், பலகையை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் தேடுபவரிடமும் போய்ச் சேருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 2022-ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும் என்கின்றன. பீன்யாக்காரருக்கு இதில் அதிக அலைச்சல் இல்லை. இந்தியாவில் அரசு அங்கீகாரம் பெற்ற முதல் மின்கழிவு மறுசுழற்சி நிறுவனமான, 2005-ல் தொடங்கப்பட்ட ஈ-பரிசரா, இதே துமகூரு சாலையில் தாபஸ்பேட்டையில்தான் இருக்கிறது.

வண்டி ஏற்றுமுன் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். கோப்புகளை அழித்துவிட்டேன் என்பது போதாது. அழித்ததை மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கஸ்டமரின் வரைபடமும் வங்கி விவரமும் அதில் இருக்கின்றன. ஹார்டு டிஸ்க் என்றால் பீன்யாவில் அதற்கு வேறு உபகரணம் தேட வேண்டாம்: டிரில்லிங் யந்திரத்தில் வைத்து, மேல்மூடியிலிருந்து தட்டுகள் ஊடுருவ நாலைந்து துளை போட்டுவிட்டால் போதும், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும், சில டிஸ்க்குகளின் தட்டு கண்ணாடியால் ஆனது. எஸ்.எஸ்.டி. என்றால் ஒரு துளை போதாது. சில்லுகள் பலவாக இருப்பதால், தப்பிய சில்லில் தகவல் அப்படியே கிடக்கும். அதற்கு, தயாரிப்பாளர் தரும் அழிப்பு நிரலை முதலில் ஓட்டிவிட்டு, பின்பு ஒவ்வொரு சில்லாகப் பார்த்துத் துளைக்க வேண்டும்.